ஆயிரங்கால் மண்டபம் ஏன் ஆயிரந்தூண் மண்டபம் ஆகவில்லை?

தெலங்கானாவில் ஹனுமகொண்டா என்ற ஊரில், காகதீய அரசன் ருத்ரதேவன் 1163இல் கட்டிய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. தெலுங்கில் அதற்கு 'வேயி ஸ்தம்பால குடி' என்று பெயர். கர்நாடகத்தில் மூடபித்ரியில் 1430இல் எழுந்த சமணக் கோயிலைக் கன்னடத்தில் 'சாவிர கம்பத பசதி' என்கிறார்கள். வேயி என்றாலும் சாவிர என்றாலும் ஆயிரம்தான். தெலுங்கர் ஸ்தம்பத்தை எண்ணினார்கள், கன்னடர் கம்பத்தை எண்ணினார்கள். மதுரையிலும் திருவரங்கத்திலும் சிதம்பரத்திலும் தமிழர்கள் எண்ணியது காலை. ஆயிரங்கால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம், பதினாறுகால் மண்டபம், நாலுகால் மண்டபம். 'ஆயிரந்தூண் மண்டபம்' என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் வேற்றூர்க்காரர் பேச்சாக ஒலிக்கிறது.

ஆயிரம் என்ற கணக்கு எங்கும் சரியாக வருவதில்லை. மதுரையில் அரியநாத முதலியார் 1569இல் கட்டியதாகச் சொல்லப்படும் மண்டபத்தில் இருப்பவை 985. திருவரங்கத்தில் 953. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் கல்லில் நிற்பவை 807தான். திருவிழாவின்போது முன்னால் பந்தல் போடுவார்கள், அந்த மூங்கில்களையும் சேர்த்து எண்ணினால் ஆயிரம் என்பது அங்கே வழங்கும் பேச்சு. இந்தத் திருவாரூர்க் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டுக்குச் சில நாள் நின்றுவிட்டுப் போகும் மூங்கிலும், நூற்றாண்டுகளாக அசையாத கருங்கல்லும் எப்படி ஒரே பட்டியலில் வர முடியும்? தூண் என்ற பெயரில் வர முடியாது, மூங்கிலை யாரும் தூண் என்று சொல்ல மாட்டார்கள். கால் என்ற பெயரில் வரலாம். பந்தலுக்கும் கால், மண்டபத்துக்கும் கால், கட்டிலுக்கும் கால். தரையில் ஊன்றி மேலிருப்பதைத் தாங்கினால் கால். எதனால் ஆனது, எவ்வளவு தடிமன், எத்தனை நாள் நிற்கும் என்றெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை.

ஒன்றை நாலாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கும் கால் என்றே பெயர். நாலு கால் விலங்கின் ஒரு கால், முழுமையில் நாலில் ஒரு பங்கு என்ற எண்ணத்தில் பிறந்தது என்று விளக்குவார்கள். வடமொழியில் 'பாத' என்ற சொல்லுக்கும் அடி, நாலில் ஒன்று என்ற இரண்டு பொருளும் உண்டு. மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்களில் தூணுக்கும் அதுவே பெயர். இரண்டு மொழிகளில் மூன்று பொருள்களும் இப்படி வரிசை மாறாமல் அமைந்திருப்பதைப் பார்த்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றும். தச்சுப் பட்டறையில் மொழிச் சண்டை நடந்ததாகத் தெரியவில்லை. கோயில் கட்டியவர்கள் ஒரே வேலையை இரண்டு மொழியில் பேசினார்கள், அவ்வளவுதான்.

கட்டடம் முளைப்பதற்கு முன்பே கால் வந்துவிடும். தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையில் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று படிகளைச் சொல்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கல்லெடுக்கும் பகுதிக்கு 'கால்கோட் காதை' என்று பெயர். இரண்டாயிரம் ஆண்டு வயதுள்ள அந்தச் சொல் இன்றும் செய்தித்தாளில் உயிரோடு இருக்கிறது: புதிய வகுப்பறைக் கட்டடத்துக்குக் கால்கோள் விழா. மழையும் தமிழில் கால் கொள்ளும். வடகிழக்குப் பருவமழை கால்கொண்டது என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கல்யாணக் காலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது. முகூர்த்தக்கால், பந்தக்கால், அரசாணிக்கால் என்று ஊருக்கும் சாதிக்கும் ஏற்பப் பெயர் மாறும். பச்சை மூங்கிலோ அரசங்கிளையோ எடுத்து, நுனியில் மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து, ஈசானிய மூலையில் குழி வெட்டி, பால் வார்த்து நடுவார்கள். அரசாணிக்கால் என்பது 'அரசன் ஆணைக்கால்' என்றும், அரசனுக்குப் பதிலாக நின்று சாட்சி சொல்லும் கிளை அது என்றும் சொல்வதுண்டு. பெயருக்குப் பின்னால் கட்டிய கதை போலத்தான் படுகிறது, ஆனால் கதை நன்றாக இருக்கிறது. வீட்டு வாசலில் பந்தல் போட்ட காலத்தில் முதலில் நட்ட இந்தக் கால் உண்மையிலேயே பந்தலைத் தாங்கியது. இப்போது கல்யாண மண்டபம். கான்கிரீட் தூண்கள் இருபது முப்பது வரிசையாக நின்று கூரையைத் தாங்குகின்றன. அவற்றில் ஒன்றோடு சேர்த்து மூங்கிலைக் கயிற்றால் கட்டிவிட்டு, அல்லது மண் நிரப்பிய தகரத்தில் செருகிவிட்டு, 'கால் நட்டாச்சு' என்கிறோம். எடையைச் சுமப்பவை அத்தனையும் பெயரில்லாமல் நிற்க, எதையும் சுமக்காத மூங்கிலுக்குக் கால் என்ற பெயரும் மஞ்சளும் குங்குமமும். கட்சி மாநாடு என்றாலும் முதலில் பந்தக்கால் நடும் விழா, அதற்கு ஒரு தனி அழைப்பிதழ். பகுத்தறிவு மேடைக்கும் ஒரு கால் வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்குப் போனால் கால் துளிர்விட ஆரம்பித்துவிடும். அங்கே வேலிக்கு நடும் உயிர்க்கம்பத்துக்குக் கதியால் என்று பெயர், கதிகால் என்றும் எழுதுவார்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று வெட்டி நட்டால் வேர் பிடித்து இலை விடும் மரங்கள்தான் கதியாலுக்கு ஏற்றவை. அவற்றோடு கிடுகு அல்லது பனையோலை வைத்துக் கட்டினால் வேலி. பழைய வேலியைப் பிரித்துப் புதுக் கதியால் போடும் நாளில், அது பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று தொடங்கி, நீதிமன்றம் வரை போன வழக்குகள் அந்த மண்ணின் கதைகளில் நிறைய. உயிருள்ள கால் என்றால் நடக்கத்தானே செய்யும். வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடும் மரத்துக்கு ஈழத்தில் கப்பு என்பார்கள். கொங்கு நாட்டில் தோட்டத்து வேலிக்கு ஊன்றும் பட்டைக் கல்லுக்குக் கல்லுக்கால் என்று பெயர். கல், கால் இரண்டையும் ஒட்டவைத்த சொல்.

கால் இருந்தால் மற்ற உறுப்புகளும் இருக்க வேண்டும் அல்லவா. விமானத்தைச் சிற்ப நூல்கள் ஆறு உறுப்பாகப் பிரிக்கின்றன: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. தமிழில் சொன்னால் தாங்குதளம், கால், கூரை, கழுத்து, தலை, முடி. இரண்டாவது உறுப்பு கண்ணுக்குச் சுவராகத் தெரிகிறது. ஆனால் அதன் பெயர் கால். சுவரில் புடைத்து நிற்கும் அரைத்தூண்களை வைத்தே அதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தூணின் மேற்பகுதிக்கு ஸ்தபதிகள் சொல்லும் பெயர்களைக் கேட்டால் நகைக்கடையில் நிற்பதாகத் தோன்றும்: மாலைத்தொங்கல், தாடி, குடம், பலகை, வீரகண்டம், போதிகை. தூணின் உச்சியிலிருந்து இருபுறமும் கை நீட்டி உத்தரத்தை ஏந்துவது போதிகை. பல்லவர் காலத்தில் அது அலை அலையாக மடிந்த தரங்கப் போதிகை, சோழர் காலத்தில் சாய்வாகச் செதுக்கிய வெட்டுப் போதிகை, விஜயநகரக் காலத்தில் பூமொட்டு, நாயக்கர் காலத்தில் வாழைப்பூ. கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தைச் சொல்லச் சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அங்கேதான்.

வீட்டுக் கூரையிலும் இதே உடம்புதான். முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் மரத்துக்குக் கைமரம் என்று பெயர். விட்டத்தின் நடுவில் செங்குத்தாக நின்று முகட்டைத் தாங்குவது குத்துக்கால். கோயில் கூரையின் விளிம்பில் வளைந்து இறங்கும் உறுப்பு கொடுங்கை. கொடு என்றால் வளைவு, ஆகவே வளைந்த கை. ஆவுடையார்கோயிலில் அந்தக் கையைக் கல்லில் தகடு போல் இழைத்து, மரச் சட்டங்களையும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளையும்கூடக் கல்லிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கையும் தாரமங்கலம் தூணும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக வேறு எதையும் செய்து தருகிறோம் என்று அந்தக் காலத்துச் சிற்பிகள் முறியில் எழுதிக்கொண்டுதான் வேலையை ஒப்புக்கொள்வார்களாம்.

கல்லில் ஆணி எதற்கு? மரத்தில் பழகிய கை அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டுக் குடைவரையில் ஒரு கல்வெட்டு வெட்டி வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு விசித்திரசித்தன் என்ற பட்டம் கொண்ட தான் எடுத்த கோயில் என்று அதில் பெருமை அடித்துக்கொள்கிறான். அப்படியானால் அதுவரை கோயில் என்றால் செங்கல்லும் மரமும்தான். தாங்கும் உறுப்புகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களும் அந்த மரக் காலத்தில் பிறந்தவை. பொருள் கல்லுக்கு மாறியது, பெயர்கள் மாறவில்லை.

காலே இல்லாத மண்டபத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். திருவீழிமிழலையில் நடுவில் ஒரு தூணும் இல்லாமல் வளைவாகக் கவிழ்ந்திருக்கும் மண்டபத்துக்கு வௌவால் நத்தி மண்டபம் என்று பெயர். வௌவால் நெற்றி என்பதுதான் நெத்தியாகி நத்தியானது என்பார்கள். நிற்கக் கால் இல்லை என்றதும் நம் ஆட்களுக்குத் தலைகீழாகத் தொங்கும் பிராணிதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

இனி தூண். இந்தச் சொல்லை வடமொழி 'ஸ்தூணா'வோடு சேர்த்துப் பார்ப்பது அகராதி மரபு. ரிக் வேதத்திலேயே வரும் பழஞ்சொல் அது. பாலி மொழியில் முன்னெழுத்து ஸகரம் உதிர்ந்து 'தூண' என்று நிற்கிறது, தமிழ் வடிவத்துக்கு அதுவே இன்னும் நெருக்கம். தனித்தமிழ் வழி வந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள், தமிழ் வேர் காட்டுவார்கள். வழக்கு எப்படித் தீர்ந்தாலும், சங்ககாலத்திலேயே தூண் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. புறநானூற்றின் 86ஆம் பாட்டு காவற்பெண்டு என்ற பெண்பாற் புலவருடையது. வீட்டுத் தூணைப் பிடித்தபடி உன் மகன் எங்கே என்று கேட்பவருக்கு ஒரு தாய் சொல்லும் பதில் அது. அங்கே அந்த வீட்டைப் புலவர் சிறிய வீடு என்றே குறிப்பிடுகிறார். அரண்மனைக்கும் மண்டபத்துக்கும் உரிய சொல்லாக அப்போது தூண் இருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

பிறகு அந்தஸ்து கூடியது. நரசிம்மர் பிளந்து வந்த தூண் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கம்பர் தம் இராமாயணத்தில் வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை விரிவாகப் பாடிச் சேர்த்தார். தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்ற பழமொழி இன்றைக்கு நாத்திகர் வாயிலும் சரளமாக வரும். தடித்ததற்கு எல்லை தூண், மெலிந்ததற்கு எல்லை துரும்பு என்று அளவு வைத்தாகிவிட்டது. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் பளபளவென்று நிற்கும். வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதற்காக நிற்கும் தூண் அது. அதே வீட்டின் பின்கட்டு மாட்டுக்கொட்டகையில் அதே வேலையைச் செய்யும் வேப்ப மரத்தை யாரும் தூண் என்று அழைத்ததாகத் தெரியவில்லை.

இன்று தூணுக்கு முக்கியமான இருப்பிடம் மேடை. கட்சியின் தூண், சங்கத்தின் தூண், குடும்பத்தின் தூண், இரங்கல் கூட்டமானால் சாய்ந்த தூண். பத்திரிகைக்கு ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று பட்டம். ஆங்கிலேயர் சொன்ன 'ஃபோர்த் எஸ்டேட்'டில் தூண் கிடையாது. எஸ்டேட் என்பது பிரபுக்கள், குருமார், பொதுமக்கள் என்ற சமூக வகுப்பைக் குறிக்கும் சொல். கடல் தாண்டி வந்தபோது நாலாம் வகுப்பார் நாலாம் தூணாகிவிட்டார்கள். கொடுத்த மரியாதை அதிகம்தான். தமிழில் கால் கொள்ளும், கால் ஊன்றும், கால் நடுவோம். தூணுக்கு இப்படி ஒட்டிக்கொண்ட வினைச்சொல் ஒன்றும் இல்லை. 'தூணாக விளங்குகிறார்' என்பதோடு சரி. விளங்குவது ஒரு வேலையா?

தூணோடு கூடவே வழங்கிய பழைய சொற்களில் ஒன்று கந்து. யானையைக் கட்டிவைக்கும் முளைக்கும் கந்து என்று பெயர், ஊர்ப் பொதுமன்றத்தில் தெய்வம் உறையும் மரத்தூணுக்கும் கந்து என்று பெயர். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட மகளிர் மாலையில் நீராடி விளக்கேற்றித் தொழும் கந்து ஒன்று வருகிறது. வெளியூர் ஆட்கள் இரவில் தங்கும் இடமும் அதுதான். மணிமேகலையில் கந்திற்பாவை பேசவே செய்கிறது, முற்பிறப்பும் வருவதும் சொல்கிறது. யானை, சாமி இரண்டையும் கட்டிப்போட்ட சொல் ஒன்றே என்பதை எண்ணிப் பார்க்கலாம். பற்றிக்கொள்ள உதவுவது என்ற அந்தப் பொருளிலிருந்து இன்னும் ஒரு படி ஏறினார்கள். தொல்காப்பியத்தில் வரும் 'கந்தழி' என்ற சொல்லுக்கு நச்சினார்க்கினியர் எந்தப் பற்றுக்கோடும் இல்லாமல் தானே நிற்கும் பரம்பொருள் என்று உரை எழுதினார். கந்து அழிந்தது கந்தழி. முட்டுக்கொடுக்க ஏதும் வேண்டாத ஒன்று உண்டு என்றால் அது கடவுள் மட்டும்தான் என்பது போல. இப்போது பேச்சில் கந்து இல்லை.

தறி இன்னும் இருக்கிறது, ஆனால் ஆள் மாறிவிட்டது. தறித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி நட்ட மரத்துண்டு தறி. மாட்டையோ யானையையோ கட்டினால் கட்டுத்தறி. நெசவு செய்யும் கருவிக்கும் இதே பெயர் உண்டு, காலப்போக்கில் நெசவு மட்டுமே தங்கிவிட்டது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்ற பழமொழியைக் கேட்டு, கம்பர் வீட்டில் நெசவு நடந்தது போலும் என்று எண்ணுகிற பிள்ளைகளை வகுப்பறையில் எளிதாகப் பார்க்கலாம். பாடியது மாடு கட்டும் முளை. நெசவுத் தறி பாடினால்கூட அதில் ஓர் ஓசை நியாயம் இருக்கும், அசையாத மரக்கட்டை பாடியதால்தான் அது பழமொழி.

கம்பம் வடமொழி 'ஸ்கம்ப'த்தின் வழி வந்தது. அதர்வ வேதத்தில் உலகையே தாங்கும் ஸ்கம்பத்தைப் பற்றித் தனிப் பாடல்கள் உண்டு. அத்தனை உயரத்திலிருந்து இறங்கி வந்து நம் தெருமுனையில் கரண்ட் கம்பமாக நிற்கிறது. கட்டடத்தைத் தாங்குவதற்குத் தமிழில் கம்பம் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. தனியே நிமிர்ந்து நிற்பதுதான் அதன் இலக்கணம்: கொடிக்கம்பம், விளக்குக் கம்பம், கழைக்கூத்தாடி ஏறும் கம்பம். சில ஊர்களில் 'போஸ்ட் கம்பம்' என்றே சொல்வார்கள், லத்தீனிலிருந்து ஆங்கிலம் வழி வந்த கம்பத்தோடு வேதத்திலிருந்து வந்த கம்பத்தையும் சேர்த்து நட்ட இரட்டைக் கம்பம். கொங்கு நாட்டு மாரியம்மன் நோன்பில் கம்பம் நடுவதுதான் பெரிய நிகழ்ச்சி. மூன்று கிளையாகக் கவர்விட்ட மரத்தை அம்மன் முன் நட்டு, பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, இரவில் இளவட்டங்கள் அதைச் சுற்றிக் கம்பத்தாட்டம் ஆடுவார்கள். கம்பத்தை அம்மனின் கணவன் என்பார்கள். நோன்பு முடிந்ததும் பிடுங்கி நீரில் விட்டுவிடுவார்கள். கம்பம் என்று ஒலிப்பதெல்லாம் இந்தக் கம்பம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்து ஏகம்பத்தை ஒற்றைக் கம்பம் என்று பிரிக்க நாக்கு துடிக்கும். அது 'ஏகாம்ரம்', ஒற்றை மாமரம். மாமரம் இன்றும் கோயிலுக்குள் நிற்கிறது.

ஸ்கம்பத்தின் உடன்பிறப்பு ஸ்தம்பம். கோயிலுக்கு வெளியே அது துவஜஸ்தம்பமாகவும் ஜெயஸ்தம்பமாகவும் வாழ்ந்தது போதாது என்று தமிழில் வினைச்சொல்லாகவும் மாறிவிட்டது: போக்குவரத்து ஸ்தம்பித்தது. அதிர்ச்சியில் ஸ்தம்பித்துப்போய் நின்றான். அந்த வடமொழி வேருக்கே தாங்குதல், தடுத்து நிறுத்துதல் என்று இரண்டு பொருள். தாங்குவதற்கும் தடுப்பதற்கும் என்ன உறவு என்று கேட்டால், விடை நம்மிடமே இருக்கிறது. முட்டு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயும் சுவருக்கும் காய் கனத்துத் தாழும் மாங்கிளைக்கும் முட்டுக் கொடுக்கிறோம். ஓடும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறோம். முதலாவது விழாமல் தாங்குகிறது, இரண்டாவது நகராமல் தடுக்கிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு மரம் எதிரே நின்று முட்டுகிறது. மேலிருந்து வரும் விசையை முட்டினால் தாங்கல், முன்னால் போகும் விசையை முட்டினால் தடை. செய்தித்தாள்களில் முட்டுக்கட்டைக்குக் கெட்ட பெயர். அணைக்கு முட்டுக்கட்டை, சட்டத்துக்கு முட்டுக்கட்டை, வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை. தேரோட்டம் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இழுப்பது மட்டும். சக்கரத்தின் எந்த ஓரத்தில், எந்தக் கணத்தில், எந்தச் சாய்வில் கட்டையை வைத்தால் தேர் வீதி முனையில் திரும்பும் என்று தெரிந்தவர்கள் முட்டுக்கட்டை போடுபவர்கள்தான். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கைத்தொழில் அது. கொஞ்சம் பிசகினால் கை போய்விடும், சில வேளை உயிரும். அவர்கள் இல்லாவிட்டால் தேர் நேராகப் போய் எதிர் வீட்டுத் திண்ணையில் ஏறும். நிறுத்தத் தெரியாதவர்களிடம் தேரைக் கொடுக்க எந்த ஊரும் துணியாது, ஆனாலும் அவர்கள் கையில் இருக்கும் கட்டையின் பெயர்தான் வசவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்மைக் காலத்தில் முட்டுக்கு இன்னொரு வாழ்வு வந்திருக்கிறது. ஒரு நடிகரோ தலைவரோ செய்ததை, சரியா தவறா என்று பாராமல் விழுந்து விழுந்து ஆதரித்துப் பேசினால், 'முட்டுக் கொடுக்கிறான்' என்கிறார்கள் இளைஞர்கள். 'என்னாலேயே முட்டுக் கொடுக்க முடியல' என்று ரசிகர் ஒருவர் தன் நாயகனின் படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், படத்தின் கதி தெரிந்துவிடும். பழைய பொருளுக்கு இதைவிட விசுவாசமான புதுப் பொருள் வாய்ப்பது கடினம். தானாக நிற்கும் சுவருக்கு யாரும் முட்டுக் கொடுப்பதில்லை. மேடையில் தூண் என்று புகழ்ந்தவரையே கைப்பேசித் திரையில் முட்டு என்று கேலி செய்கிறார்கள். வேலை என்னவோ ஒன்றுதான்.

நிற்பதைப் பற்றிய பேச்சில் குத்துக்கல்லையும் விடக் கூடாது. குத்து என்றால் நெட்டுக்கு நெட்டு. குத்துவிளக்கு நிற்கும் விளக்கு, குத்துக்கல் நிற்கும் கல். 'நான் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டியா?' என்று அத்தைமார்கள் கேட்கும்போது, எதையும் தாங்காமல் வெறுமனே நிற்கும் கல்லின் மனக்குறை முழுவதும் அதில் வந்துவிடுகிறது. கிடப்பவற்றில் விட்டத்துக்கு மட்டும் இப்படி ஒரு வாழ்வு கிடைத்தது. வேலைவெட்டி இல்லாதவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். கான்கிரீட் தளம் வந்த பிறகு வீடுகளில் பார்க்க விட்டமே இல்லை. இருந்தும் அவன் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வீடு கட்டும் இடத்தில் இன்று காதைக் கொடுத்தால் கேட்பவை வேறு. பில்லர், பீம், லிண்டல், பெல்ட், சென்ட்ரிங். பழைய சொற்களில் பிழைத்திருப்பவை மிகச் சில. வாசக்கால் வைக்க இன்றும் நல்ல நாள் பார்க்கிறார்கள். தச்சன் கொண்டுவரும் நிலைக்குப் பொட்டு வைக்காமல் யாரும் நிறுத்துவதில்லை. சென்ட்ரிங் பலகைக்கு அடியில் முட்டு நிற்கிறது, சவுக்குக் கம்பானாலும் இரும்பு ஜாக்கியானாலும் முட்டு என்றுதான் பெயர். நாலரை மீட்டர் அகலத்துக்குள் அடங்கும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் முட்டைப் பிரிக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை விதி. அவசரப்படும் வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் இந்த நாள் கணக்கில்தான் வாக்குவாதம் வரும்.

பாடப்புத்தகம் தூண் என்று எழுதுவதை வேலைத்தளத்தில் யாரும் சொல்வதில்லை. கொத்தனார் பில்லர் என்பார், படித்துவிட்டு வந்த பொறியாளர் ஆங்கிலத்தில் காலம் என்பார். கம்பி கட்டுபவர்கள் அதையும் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். 'நாலு காலம் தூக்கியாச்சு, ரெண்டு காலம் பாக்கி, காலம் பாக்ஸ் நாளைக்கு வரும்.' லத்தீன் 'கொலும்னா'வின் பேரப்பிள்ளை அது. நம் காலுக்கும் அதற்கும் எந்த ரத்த உறவும் கிடையாது. ஆனால் கட்டடம் நிற்பதற்கு நடுவது கால் என்று அறிந்த காதுகள், புதிதாக வந்த சொல்லில் முதல் பாதி தங்களுடையது என்று எண்ணிக்கொண்டால் யார் மறுக்க முடியும்? பில்லரா காலமா என்று கேட்டால், இரண்டுக்கும் ஒரே கூலிதான் என்று மேஸ்திரி சொல்வார்.